தேதி போட்டு எழுதிய காவலாளி

2013இல், மயிலாடிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த முதியோர் குடியிருப்பில் அவர் வாசல் காவலாளி. ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. என் பாட்டரி வண்டி வளைவுக்கு வரும்போதெல்லாம் எழுந்து நின்று, "ஹார்ன் அடிங்க சாரே" என்பார். நான் மறந்துபோனாலும் சிரித்தபடி சல்யூட் வைப்பார். மறுகோடி மருத்துவப் பிரிவில் படுத்திருந்த என் மனைவியைப் பார்க்க, தினமும் இருமுறை அந்த வண்டியில்தான் போவேன். புத்தாண்டுக்கு அவருக்கு ஒரு டைரி கொடுத்தேன்.

ஆகஸ்டில் குடியிருப்புச் சங்கத்தார் கூட்டம் போட்டு என் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மேஜைமேல் அதே டைரி இருந்தது. ஹார்ன் அடிக்காத நாள், எதிர்ப்பக்கம் ஏறிய நாள், பூந்தொட்டியை உடைத்த நாள் எல்லாம் அதில் இருந்தன.

நேராக வாசலுக்குப் போனேன். "தினமும் சல்யூட் வச்சிட்டே என்னைக் காட்டிக் குடுத்திட்டீரே ஓய்!"

அவர் வழக்கம்போல எழுந்து நின்றார். "நடந்ததைத் தேதி போட்டு எழுதும்னு டைரி தந்தப்போ நீங்கதானே சாரே சொன்னிய. நாளைக்கு யாரையாவது இடிச்சிட்டு நீங்க ஸ்டேஷன்ல இருந்தா, அம்மையை யாரு பாக்கது?"

அந்த டைரியைச் சங்கத்தில் கேட்டு வாங்கி, என் நாட்குறிப்போடு ஒப்பிட்டேன். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. ஜூலையில் ஒரு வியாழக்கிழமை மட்டும் விடுபட்டிருந்தது. அன்று என் வண்டி இடித்து, ஒரு வாரம் நொண்டி நடந்தவர் அவர்தான்.

அதை ஏன் எழுதாமல் விட்டார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் அந்த ஒரு பக்கத்தின்மீதுதான்.