நாத்தனார் மென்ற இலை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நடந்ததை முன்னே பின்னே சொல்லிவிடுவேன், பல பெயர் மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வீட்டின் பின்பக்கம் நிழல்வலை கட்டி பிகோனியா வளர்க்கிறாள். எல்லாமே பிகோனியாதான் என்பாள், எனக்குத்தான் நம்பிக்கை வராது. ஒன்றுக்கு வட்டமாகப் பளபளவென்று சின்ன இலை. ஒன்று மூங்கில் மாதிரி கணு விட்டு நிற்கும், இலையில் வெள்ளைப் பொட்டு. இன்னொன்றுக்குப் பூவே கண்ணில் படாது, அகலமான இலைதான் சிவப்பும் பச்சையுமாக இருக்கும். அதன் பக்கத்திலேயே, அதே சிவப்பில், ஒரு சேம்பு வகை. "அது மட்டும் விஷம்மா, வாயில பட்டா நாக்கு வீங்கிடும்" என்று மகள் சொன்னதிலிருந்து அந்தப் பக்கம் தண்ணீரைக்கூட எட்ட நின்றுதான் ஊற்றுவேன்.

போன பௌர்ணமி அன்று மகளும் மருமகனும் கீழ்பென்னாத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அடி அண்ணாமலையிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். கிரிவலக் கூட்டத்தில் அவள் வீட்டு வாசலில் நிற்க முடியவில்லையாம். நான் குழாயடியில் குடம் நிரப்பிவிட்டுத் திரும்பினால், எதையோ மென்றுகொண்டிருக்கிறாள்.

"அண்ணி, இந்தப் புளிப்புக்கு முன்னால புளிச்சக்கீரை கெட்டுது போங்க! இத வச்சிக்கினு கடைல புளி வாங்கறீங்களே."

"எந்தச் செடி?"

"இதோ, இந்தச் செவப்பு."

காட்டிய இடத்தில் இரண்டு சிவப்பும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"துப்பும்மா, துப்பு!"

"முழுங்கிட்டேனே. எலைக்கே இப்படிப் பயந்தா, எங்கண்ணன் மீசையப் பாத்து எப்படிக் குடித்தனம் பண்ணீங்க?" சிரித்தவள் பாதியில் நிறுத்தித் தொண்டையைத் தடவினாள். "என்னவோ அரிக்குது அண்ணி."

பௌர்ணமியில் வழியை அடைத்துவிடுவதால் எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டக்கூட எனக்குக் கூச்சம். மகளுக்குப் போன் போட்டு, மேளச் சத்தத்துக்கு நடுவே அழுதுகொண்டே சொன்னேன்.

"அம்மா, அழாத. மீதி எலை இருக்கா? நடு நரம்போட மடி. ரெண்டு பக்கமும் ஒண்ணா சேருதா?"

நாத்தனார் கையில் காம்போடு கொஞ்சம்தான் மிச்சம். மடித்தேன். சரியாக மடியாமல் நழுவியது. மறுபடி மடித்தேன். ஒரு பக்கம் காம்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது, மறுபக்கம் மேலேயே நின்றுவிட்டது.

"சேரலடி."

"அப்போ பிகோனியாதான். சேம்புன்னா ரெண்டு பக்கமும் சரியா இருக்கும். ஆனா இதுவும் கொஞ்சம் அரிக்கும். வாய நல்லாக் கொப்பளிக்கச் சொல்லு. அத்தைக்கு நாக்கு வீங்குதா, மூச்சு வாங்குதான்னு பாத்துக்கினே இரு. ஜாஸ்தியானா எதிர்வீட்ல வண்டி இருக்கு, தட்டிடு. நாங்க கெளம்பிட்டோம்."

அவர்கள் வரும்வரை அவள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தபடியே இருந்தேன். "காளியாத்தா மாதிரி எவ்ளோ நேரம் அண்ணி நீட்றது?" என்று அலுத்துக்கொண்டாள். அரிப்பு கம்மியாகித் தூங்கியும் போனாள். நான் அவள் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பயம் போகவில்லை. எல்லா பிகோனியாவுக்கும் இலை அப்படிக் கோணலாகத்தான் இருக்குமா, இளந்தளிரிலும் அது தெரியுமா, எனக்குத் தெரியாது. இதைப் படித்துவிட்டு யாராவது இலையை மடித்துப் பார்த்து வாயில் போட்டுவிட்டால் என்ன செய்வேன்? செடி தெரிந்தவர்கள் யாராவது இதை ஒருமுறை பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.