அல்பாக்காவைத் தனியாக விற்பதில்லை

போன சனிக்கிழமை ஒரு அல்பாக்கா என் முகத்தில் துப்பியது.

சிரிக்காதீர்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் அந்தப் புளித்த புல் நாற்றம் போகவில்லை.

அல்பாக்கா தெரியும்தானே? ஒட்டகத்துக்குச் சொந்தம். ஆட்டைவிட உயரம், நீளக் கழுத்து, உடம்பு முழுக்கக் கம்பளி. கனடாவில் ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே காணி வாங்கிக் குடியிருக்கும் என் சிநேகிதர் குணம் அண்ணை அதை வளர்க்கிறார். மனைவி இறந்த பிறகு அவர் ஆசைப்பட்டுச் செய்த ஒரே செலவு அதுதான். "அப்பாவுக்கு என்ன நடந்தது?" என்று பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஆளையாள் கேட்டுக்கொண்டார்கள். வந்து பார்க்கவில்லை.

ஊரில் ஆடு வளர்த்த கை அண்ணையுடையது. ஒரு ஆடு, ஒரு கயிறு, ஒரு கட்டை — அவ்வளவுதான். அந்த நினைப்பில் ஒன்றே ஒன்று வாங்கத்தான் போனார். பண்ணைக்கார மார்கரெட் அம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். அல்பாக்காவைத் தனியாக விற்பதில்லையாம். குறைந்தது இரண்டு. மூன்றென்றால் இன்னும் நல்லது. கட்டிப்போடவும் கூடாது. தனியே விட்டால் சாப்பாட்டை மறந்து ஏங்கியே செத்துவிடும். "யாருடன் இருக்கப்போகிறது?" — அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

நான் அஜக்ஸில் வீடு வாங்கியபோது எங்கள் தமிழ் ஏஜெண்ட் எத்தனை பாத்ரூம் வேண்டும், எத்தனை கார் நிற்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார். யாருடன் இருப்பீர்கள் என்று கேட்கவில்லை. பிள்ளைகள் போன பிறகு மேல்மாடி அறைகள் இப்போது மாதக்கணக்காகப் பூட்டிக்கிடக்கின்றன. அது போகட்டும்...

அண்ணை இரண்டு கொண்டுவந்தார். வளர்ப்பதில் பெரிய வில்லங்கமில்லை. பச்சைப் புல், குளிர்காலத்துக்குக் காய்ந்த புல், காற்று அடிக்காத ஒரு கொட்டில். அவ்வப்போது நகம் வெட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் கம்பளி கத்தரிக்க வேண்டும். புழுக்கையைக்கூட எல்லாம் ஒரே மூலையில்தான் போடும். மனிதர்களைப் பழக்குவதுதான் கஷ்டம்!

பிறகு ஒரு புயல்காற்று. வேலியோர மேப்பிள் மரத்தில் பெரிய கிளையொன்று முறிந்தது. முறிந்த கிளையைக் கண்டால் ஆடு வளர்த்த யாழ்ப்பாணத்தான் என்ன செய்வான்? இலைக்கொத்தைக் குழையாகக் கட்டித் தின்னத் தொங்கவிடுவான். அண்ணையும் அதைத்தான் செய்தார். வாடிய சிவப்பு மேப்பிள் இலை அல்பாக்காவுக்கு நஞ்சு என்று அவருக்கு யார் சொல்வது? ஒன்று ஆசையாகத் தின்றது. மிருக வைத்தியர் வந்தும் காப்பாற்ற முடியவில்லை. மற்றது, ராணி, குழையில் வாய் வைக்காததால் தப்பியது.

சனிக்கிழமை நான் போனபோது அண்ணை கொட்டிலுக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் தமிழ் ரேடியோ பாடியது. மூலையில் ராணி, "ம்ம்ம்..." என்று முனகியபடி. ஏங்கும்போது இப்படித்தான் முனகுமாம். போட்ட புல் அப்படியே கிடந்தது. நான் ஒரு பிடி எடுத்து வாய்க்கருகே நீட்டினேன். அப்போது விழுந்ததுதான் அந்தத் துப்பல்.

"உது ஒண்டும் தின்னுதில்லை. நான் இஞ்சையேதான் இருக்கிறன். கதைக்கிறன், பாட்டுப் போடுறன்... வேற என்ன செய்ய?"

"மார்கரெட்டுக்குச் சொன்னனீங்களே அண்ணை?"

"என்னெண்டு சொல்ல? நானே குழை போட்டுச் சாகடிச்சுப்போட்டன் எண்டோ?"

"சொல்லாட்டி உதுவும் செத்துப்போம்."

"உதுவும் போனா இஞ்சை எனக்கு ஆர் ஐசே இருக்கினம்?"

முகத்தைத் துடைக்கிற சாட்டில் வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது அண்ணை மார்கரெட் அம்மாவுடன் போனில் இருந்தார். குழை கட்டியது, ஒன்று செத்தது, எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்று வாங்கித் துணைக்கு விடலாமே என்று சைகையால் கேட்டேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வேண்டாம். இனி என்ர கையில ஒண்டும் வேண்டாம்" என்றார்.

மார்கரெட் அம்மா ஏசவில்லை. அன்று பின்னேரமே ராணியை ஏற்றிப்போக டிரெயிலரோடு வந்தார். என் காரில் நாங்கள் பின்னால் போனோம்.

பண்ணையில் இறக்கியதும் மந்தை முழுதும் தலைநிமிர்ந்தது. ஒவ்வொன்றாக வந்து ராணியை மோந்து பார்த்தன. ராணி நேரே நடுவில் போய் நின்று, குனிந்து புல் தின்னத் தொடங்கியது.

"ராணி..." என்று அண்ணை ஒருதரம் கூப்பிட்டார். அது நிமிரவேயில்லை.

"நல்ல அறிகுறி" என்றார் மார்கரெட் அம்மா. உண்மைதான். ஆனால் நல்ல அறிகுறி எல்லோருக்கும் நல்லதாக இருக்க வேண்டுமென்று சட்டமா என்ன?

திரும்பி வந்து அண்ணையின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவர் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் அப்படியே இருந்தார்.

"உமக்கு உடன வீட்ட போகோணுமே?"

"இல்லை அண்ணை" என்று என்ஜினை நிறுத்தினேன். அந்தப் பதிலுக்கு நான் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.