கதவுக்கு மேல் எரிந்த விளக்கு

மகள் வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், காலடி அக்கா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "போறவளைக் கையைப் பிடிச்சா இழுக்க முடியும்?" என்று சுவரிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"பஸ்ஸுக்குப் போற வழியில ஸ்டுடியோவுக்கு வருவேன். பார்க்கணும்னா வெளியில வா," என்றாள் மகள்.

பல்கலைக்கழகத் திரைப்படப் பள்ளியில் ஒலிப்பதிவு அறையைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. கூட்டிப் பெருக்க வந்தவள், மாணவர்களின் படங்களுக்கு நடக்கிற சத்தம், ஓடுகிற சத்தமெல்லாம் கொடுக்கப் பழகியதில் 'காலடி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மகள் அங்கே வராந்தாவிலேயே வளர்ந்தவள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே பதிவு ஓடுகிறது. இடியே விழுந்தாலும் கதவைத் திறக்கக்கூடாது. அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்தது அது.

அன்று வந்து வாய்த்தவன், 'இன்னொரு டேக்' என்று பட்டப்பெயர் வாங்கிய மாணவன். பலகைமேல் ஓடவிட்டே அக்காவின் உயிரை வாங்கினான். ஒருவழியாக, "வேற செருப்புல பார்க்கலாம்கா," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பதிவு மேசையை விட்டு உள்ளே வந்து செருப்புப் பெட்டியைக் குடைந்தான்.

"தம்பி, என் பொண்ணு வர்ற நேரம். காலையில வெடுக்குன்னு பேசிட்டேன். ஒரு தடவை கட்டிப்பிடிச்சு அனுப்பலைன்னா எனக்குச் சோறு இறங்காது. எட்டிப் பார்த்துட்டு வரட்டா?"

"இப்பதான் பதிவு ஓடலையே, விளக்கு அணைஞ்சிருக்கும். வந்தா அவங்களே திறந்துட்டு வருவாங்க. இதைப் போடுங்கக்கா."

ஒரு காலில் மாட்டினாள். கண் கதவிலேயே இருந்தது. பொறுக்க முடியாமல் ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

யாருமில்லை. கைப்பிடியில் மகளிடம் இருந்த வீட்டுச் சாவி தொங்கியது. நிமிர்ந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையன் பதிவை நிறுத்தவே மறந்திருந்தான்.

பஸ் போயிருந்தது. போனில் எவ்வளவு சொல்லியும் மகள் நம்பவில்லை. "என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்காம வேணும்னே எரிய விட்டிருக்கே." அதோடு பேச்சு நின்றது.

படிப்பு முடிந்து கிளம்பும்போது பையன் தன் பழைய பதிவுகளைத் துப்புரவு செய்தான். அன்றைய பதிவின் வாலில், மகளைப் பார்க்க அக்கா கெஞ்சிய குரல் இருந்தது. கேட்டவன் ஓடிவந்து, "உங்க பொண்ணுக்கு அனுப்பிடட்டாக்கா?" என்றான். அக்கா தலையாட்டினாள்.

பதில் இல்லை. அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வந்து சேர, அவர்களுக்கும் ஓடிக் காட்டினாள். ஒரு மத்தியானம் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

"அம்மா, இத்தனை நாள் அதைத் திறக்கவே இல்லை. இன்னிக்குத்தான் கேட்டேன். ஒத்தைச் செருப்போட ஓடினியா? ஒரு கால் மட்டும் டக்கு டக்குன்னு கேக்குது. அடுத்த மாசம் வர்றேன். விளக்கு எரிஞ்சாலும் சரி, கதவைத் திறந்துட்டு உள்ளே வருவேன்."