போர்வெல் லாரிக்கு டிஷ் மாட்டினேன்

டிஷ் மாட்டுகிறவன் பிழைப்பு, வானத்தைப் பார்த்துக்கொண்டே கால் வைக்கிற பிழைப்பு. ஏணியில் நின்று "படம் வருதா?" என்று கத்தி, "வந்துச்சு, போயிருச்சு" என்ற பதிலைக் கேட்டு நொந்துபோன சக பாவிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரிந்தாலும் இரக்கம் வராது.

அசையாத டிஷ்

முள்ளுக்குறிச்சியில் என் கடை. போர்வெல் லாரி டிரைவர் செல்லப்பண்ணன் ஒருநாள் வந்தார். கொல்லிமலையில் எடப்புளி நாட்டுப் பக்கம் போர் போடப் போகிறார்களாம். கம்ப்ரஸரும் பைப்பும் ஏற்றிய லாரியில்தான் ஆட்களுக்குச் சமையலும் படுக்கையும், ஒரு சின்ன டி.வி.யும். அவர் மகள் ஒரு டி.வி. பாட்டுப் போட்டியில் பாடியிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் அது வருகிறது. வேலை நடக்கிற காட்டில் செல்போன் எடுக்காது, லீவும் கிடையாது. அந்த ஒரு பாட்டுக்காக லாரியிலேயே டிஷ் வேண்டும் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டு வீடு, மாடி வீடு எல்லாம் பார்த்தவன் லாரியை விடுவேனா? கேபின் உச்சியில் இரும்புக் குழாயை நிறுத்தி, டிஷ்ஷைத் தென்கிழக்கே திருப்பி, படம் பளிச்சென்று வந்ததும் அப்படியே வெல்டிங் அடித்தேன். புயலே வந்தாலும் இம்மி நகராது என்று மார்தட்டினேன். செல்லப்பண்ணன் லாரிச் சாவியை என் முன்னால் ஆட்டிக் காட்டினார்.

"டிஷ்ஷு நகராதுங்க தம்பி. லாரி நகருமில்லீங்களா?"

பலாமரம்

வெல்டிங்கை அறுத்து, திருப்பிக்கொள்கிற மாதிரி போல்ட் போட்டேன். மலைக்கே வந்து நானே சரிசெய்து தருகிறேன் என்று லாரியிலும் ஏறிக்கொண்டேன். போன மானம் போகட்டும், மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமே.

மலையில் ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டோரப் பலாமரக் கிளை டிஷ்ஷைப் பிடித்து ஓர் இழு இழுத்தது. இறங்கிப் பார்த்தால் விளிம்பு மடங்கியிருந்தது, பக்கத்தில் ஒரு பலாக்காய் கிடந்தது. உயரத்தில் வைத்தால்தான் கெத்து என்று உச்சியில் மாட்டியவன் நான்தான். மரத்துக்காரம்மா வந்து காயையும் டிஷ்ஷையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, பலாக்கா கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே. இதுக்கு எதுக்கு இத்தாப்பெரிய சட்டி?"

கிழக்கே பார்த்த வண்டி

காட்டுக்காரர் காளியப்பன் மிளகும் மரவள்ளியும் போட்டுவிட்டுத் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அவர் காட்டில் லாரியை நிறுத்தியதும் விளிம்பைத் தட்டி நிமிர்த்தி, படத்தையும் கொண்டுவந்துவிட்டேன்.

அப்போது அவர் தேங்காய், கற்பூரத்தோடு வந்தார். பூஜை போடாமல் பூமியில் கை வைக்கக் கூடாது, பூஜைக்குப் போர் மெஷின் வண்டியும் லாரியும் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். ஊரறிந்த வழக்கம், எனக்கு மட்டும் மறந்துவிட்டது. லாரியைத் திருப்பினார்கள், படம் போனது. மறுபடி ஏறிச் சரிசெய்தேன். பூஜை முடிந்து, பைப் எடுக்க வசதியாக லாரியைப் பின்னால் எடுத்தார்கள். படம் திரும்பவும் போனது. கேபின் மேல் நின்ற என்னிடம் காளியப்பன் தேங்காய் மூடியை நீட்டினார்.

"எறங்காதீங்க, அங்கயே வாங்கிக்குங்க. இன்னும் எத்தன தடவ ஏறோணுமோ."

ஞாயிற்றுக்கிழமை

சாயங்காலம் போட்டி தொடங்கியபோது போர் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் உதறிய உதறலில் என் போல்ட் கழன்றுவிட்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஓடி ஏறி டிஷ்ஷைக் கட்டிப்பிடித்தேன். அதோடு சேர்ந்து நானும் ஆடினேன். கீழே டி.வி.யில் மகள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் முகம் துண்டு துண்டாகத் தெரிய, செல்லப்பண்ணன் அதன் முன்னால் நின்றார். மெஷினை நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அதுவரை புழுதியாக வந்த மண் அப்போதுதான் ஈரமாக வர ஆரம்பித்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காளியப்பன் டி.வி.யைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், மெஷின்காரரிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"தண்ணி பூமிக்குள்ளதானுங்க இருக்குது, எங்க போயிரும்? புள்ள பாடட்டும்."

சத்தம் நின்றது, படம் ஆடாமல் நின்றது. பிள்ளை கடைசி வரை பாடினாள். செல்லப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். வானத்தைப் பார்த்து நின்ற எனக்கு எதுவும் தெரியவில்லை, பாட்டும் அவர் குரலும் மட்டும் கேட்டன.

"கைய மட்டும் எடுத்துறாதீங்க தம்பி."

இத்தனை வருஷத் தொழிலில் நான் மாட்டியதிலேயே அசையாமல் நின்ற ஒரே ஸ்டாண்டு, அன்றைக்கு நான்தான்.