பிலோமினா அக்காவின் தோலில் ஓடிய கலங்கள்

மல்லாவி ஆஸ்பத்திரியில் விசர்நாய்க்கடிக்குத் தோல் ஊசி போடத் தொடங்கிய முதல் நாளே சண்டையோடுதான் விடிந்தது. தடுப்பு மருந்து குறைவாக வந்த காலம். தசையில் போட்டால் ஒரு புட்டி ஒருவருக்குத்தான். தோலுக்குள் போட்டால் சிலருக்குப் பங்கிடலாம். திறந்த புட்டியை வைத்திருக்க முடியாததால் கடிபட்டவர்களை ஒரே நாளில் வரச் சொல்வோம். காத்திருக்கும் நீள வாங்குப் பலகையில் இருந்தபடி ஒவ்வொருவரும் தன்னைக் கடித்த நாயைப் பற்றிப் பெருமையடிப்பார்கள்.

கரையோரத்திலிருந்து வந்து சந்தையில் மீன் விற்கும் பிலோமினா அக்காவுக்குப் பெருமையடிக்க நியாயம் இருந்தது. அவரைக் கடித்த நாய் நுரை தள்ளிச் செத்திருந்தது. நோய் தொடங்கிவிட்டால் பிறகு காப்பாற்ற மருந்தில்லை. தாதியான நான் அவரது இடது கையில் ஊசியைச் சரித்து ஏற்றினேன். சின்னக் கொப்புளம் எழுந்தது.

"என்ன மிஸ்ஸி இது? நுளம்பு கடிச்ச மாதிரிக் கிடக்கு. என்னைக் கடிச்சது நாய்!"

"இதுதான் ஊசி அக்கா. மற்றக் கையைத் தாங்கோ."

"தரமாட்டன். அந்த நாளில என்ர மனுசனை நாய் கடிக்கேக்க தொப்புளைச் சுத்திப் போட்டவை. அவர் குழறினது கடல் வரைக்கும் கேட்டது. அதெல்லோ ஊசி! நான் நாட்டு வைத்தியம் பாக்கிற பரியாரியிட்டப் போறன்."

எழுந்தே விட்டார். நான் படித்ததை அப்படியே ஒப்புவித்தேன்: "தோலிலதான் அக்கா நோயெதிர்ப்புக் கலங்கள் கூட."

"கலமோ? எங்கட கலம் கரையில கிடந்து உக்குது. என்ர தோலுக்குள்ள ஆற்ர கலம் ஓடுது?"

வாங்கிலிருந்த தபால்காரர் சிரித்தார். அவரை நாய் கடிப்பது அது மூன்றாம் முறை. "மிஸ்ஸி, மோட்டர் பூட்டின கலமோ எண்டதையும் சொல்லுங்கோ."

நான் சொன்ன கலம் உடலின் உயிரணு; அவருக்கு விளங்கியது மீன்பிடி வள்ளம். திருத்த வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

"ஓம் அக்கா, தோல்தான் கரை. அங்க கலங்கள் நெருக்கமா நிக்கும். இந்த மருந்தில இருக்கிறது செத்த கிருமி. கலம் அதைப் பிடிச்சு, மீன் இறக்கிற கொட்டில் மாதிரி அக்குளில இருக்கிற வாடிக்குக் கொண்டுபோகும். வாடியில இருக்கிறவை அதின்ர மூஞ்சையைப் பாத்து வைச்சு, உயிரோட ஒண்டு வந்தா அடிக்க ஆள் சேர்ப்பினம். தசை நடுக்கடல். அங்க கலம் குறைவு, அதாலதான் கனக்க மருந்து ஊத்திறது."

பிலோமினா அக்கா கொப்புளத்தை உற்றுப் பார்த்தார்.

"வாடிக்காரர் நித்திரை கொண்டா?"

"அதுக்குத்தான் திரும்பத் திரும்ப ஊசி."

மற்றக் கையை நீட்டினார்.

ஒரு தவணையும் தவறவில்லை. அடுத்த வருடமும் சந்தையில் நின்று, "நுளம்பு ஊசி மிஸ்ஸி வாறா, நல்ல மீனை ஒளியுங்கோ" என்று கத்தினார். விசர்நாய்க்கடி பட்டவர் ஒரு வருடம் கழித்தும் நம்மைப் பழிக்கிறார் என்றால், அதைவிட நல்ல மருத்துவ அறிக்கை கிடையாது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: நோயாளி ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொண்டால் உடனே திருத்தப் பாயாதீர்கள். அந்தப் பிழை ஊசிப் பக்கம் போகிறதா, பரியாரி வீட்டுப் பக்கம் போகிறதா என்று முதலில் பாருங்கள்.