ஜஸீமாவின் கேள்வியும் அடைத்த புகைக்குழாயும்

ஜஸீமாவுக்கு வாய் சும்மா இருக்காது. மீன்காரி கூடையை இறக்குவதற்குள் இது எந்தப் பக்கத்து மீன், ஏன் கண் கலங்கிக் கிடக்கிறது என்று துருவ ஆரம்பித்துவிடுவாள். இவளுக்குப் பதில் சொல்லியே என் பாதி ஆயுசு போச்சு என்று, பக்கத்து வீட்டுக்காரியான நான் அலுத்துக்கொள்ளாத நாளில்லை. ஆனால் திருவொற்றியூரில் எங்கள் சந்துக்கே காலை இடியாப்பம் அவள் விறகடுப்பில்தான் வேகும். அதனால் பகைத்துக்கொள்ளவும் முடியாது.

அவள் புருஷன் மதார் சாகிப் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். இரவு வேலை முடிந்து வந்து, அடுப்படிக்கு அடுத்த அறையில் படுப்பார். கொஞ்ச நாளாக எழும்போதே தலை விண்ணென்று வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். பக்கத்து ரசாயனக் கம்பெனிப் புகைதான் என்று சந்தே சொன்னது. எங்கள் பக்கம் தும்மினாலும் கம்பெனிதான். நானும் என் பங்குக்குச் சாபம் விட்டேன். வாடை வராமலிருக்க அவர் சன்னலை இறுக்கிச் சாத்தினார். வெளியே பறக்கிற சாம்பல் அடுப்பில் கொட்டாமலிருக்க, மாடியில் புகைக்குழாய் வாயைக் கொசுவலைக் கம்பியால் கட்டினார்.

ஒரு காலை ஜஸீமா எழுப்பியும் அவர் எழவில்லை. அவள் கூப்பாடு கேட்டு ஓடினேன். இரண்டு பேருமாக இழுத்துவந்து வாசலில் கிடத்தினோம். ஆட்டோ வருவதற்குள் அவரே மெல்லக் கண் திறந்தார்.

அந்த நேரத்திலும் ஜஸீமா கேட்டாள்: "வெளிக்காத்துதான் வெசம்னா, வெளிய இட்டாந்ததும் எப்டிக்கா கண்ணு முழிச்சாரு?"

ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அதையே கேட்டாள். அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, வீட்டில் விறகடுப்பா என்றார். புகை போக வழியில்லாவிட்டால் தணலிலிருந்து வரும் வாயு சன்னல் சாத்திய அறையில் தங்கிவிடும், அதற்கு வாடையும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும் என்றார்.

மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குழாய் ஆறியிருந்தது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஜஸீமா மாடிக்கு ஏறினாள், பின்னாலேயே நானும். கொசுவலை தெரியவே இல்லை, கரி அடையாக அப்பி வாயை மூடியிருந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, கயிற்றில் தேங்காய் நார்க் கட்டைக் கட்டி மேலும் கீழும் இழுத்தோம். கீழே வாளி நிறையக் கரி விழுந்தது. வலை கட்டுவதற்கு முன்பே குழாய் பாதி அடைத்திருக்கிறது; துறைமுகத்திலிருந்து வரும் பெயின்ட் அடித்த பலகைகளை எரித்ததும் ஒரு காரணம். இனி காய்ந்த சவுக்கு விறகு மட்டும்தான், மாதா மாதம் இந்த வேலையும் உண்டு என்றாள். காக்கை நுழையாத பெரிய கண் கம்பி போட்டு, மழை இறங்காமலிருக்க மேலே இடைவெளி விட்டுத் தகரமும் வைத்தோம்.

மதார் சாகிப் அந்தப் பழைய வலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நானேதான கட்னேன்" என்றார். அப்புறம் போய்ச் சன்னலைத் திறந்தார்.

இப்போது சன்னல் திறந்தே கிடக்கிறது. கம்பெனி வாடையும் தாராளமாக உள்ளே வருகிறது. இதை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். ஜஸீமா கையைக் காட்டி என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள். உள்ளே அவர் குறட்டை விடுவது கேட்டது.

"எங்க வூட்டுப் பொகைக்கு வழி பண்ட்டேன்" என்றாள். "இனிமே கம்பெனிக்காரங்களக் கேக்கலாம்."