பேச்சியம்மாள் இழுத்துக்கொண்ட கால்

சனிக்கிழமை காலை 6.20. திருச்சியிலிருந்து திண்டுக்கல் நூறு கிலோமீட்டர். டிக்கெட் தொண்ணூற்றைந்து ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் மனம் ஆறவில்லை. ஆசிரியர் பயிற்சி விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த ஜெசிந்தாவைப் பற்றி எங்கள் பங்குக் கோயிலின் மாத இதழுக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு அவள் சனிக்கிழமைதோறும் படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய் நகம் வெட்டிவிடுகிறாளாம். எங்கள் பங்குத்தந்தை பிரசங்கத்திலேயே அவளைப் புகழ்ந்துவிட்டார். பதினோரு ஆண்டுகளாக ஜெபக்கூட்டம் நடத்துகிறேன் நான். என்னைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. வயிறு எரிந்தது.

8.45. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் கையில் பிளாஸ்டிக் வாளியோடு ஜெசிந்தா நின்றிருந்தாள். அதற்குள் துண்டு, சோப்பு, இடுக்கி போன்ற பெரிய நகவெட்டி.

"வாடி ரீட்டா, சாப்டியா?"

இரண்டு இட்லியும் காபியும் நாற்பத்தைந்து ரூபாய். எனக்கும் சேர்த்து அவளே கொடுத்துவிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

9.30. பேகம்பூருக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பக்கவாதத்தில் விழுந்த தையல்காரர் ஒருவரின் வீடு. அவர் மனைவி வெந்நீரோடு காத்திருந்தார். ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து அவர் காலை ஊறவைத்தாள். நான் போனை எடுத்தேன்.

"போட்டோ வேணாம்டி. அது அவரு காலு."

தெருவுக்கு வந்ததும் கேட்டேன்: "நம்ம சாமியைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே?"

"நகம் வெட்டத்தான் கூப்பிட்டாக, ரீட்டா."

குறை சொல்ல ஒன்றாவது கிடைக்கும் என்று வந்தவள் நான். அது கையில் சிக்காமல் போனதில் எரிச்சல் கூடியது.

11.15. நிலக்கோட்டைக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. பின்படிக்கட்டருகே கிடந்த மல்லிகை மூட்டைகளின் வாசத்தில் எனக்குத் தலை கனத்தது. ஜெசிந்தா அசந்து தூங்கினாள். நிலக்கோட்டையில் இறங்கி, பூந்தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் நடந்தோம்.

பேச்சியம்மாள் பூப்பறித்துப் பிழைத்தவர். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். ஜெசிந்தாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கவே கூடாது. இரண்டு விரல் முடிந்ததும் ஜெசிந்தா எழுந்தாள்.

"தண்ணி ஆறிருச்சு. வெந்நி வாங்கிட்டு வாரேன். செத்த நேரம் நீ வெட்டு."

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழனன்று எங்கள் கோயிலில் பங்குத்தந்தை பாதம் கழுவிவிட அழைத்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. வீட்டிலேயே குதிகாலைக் கல்லால் தேய்த்து, பவுடர் போட்டுக்கொண்டுதான் போனேன். கழுவிய காலைத்தான் கழுவக் கொடுத்தேன். பேச்சியம்மாளின் கால் அப்படி இல்லை. நகம் மஞ்சளாகத் தடித்து, விரலுக்குள் வளைந்திருந்தது. நான் மூக்கைச் சுளித்திருக்க வேண்டும். அவர் காலை வெடுக்கென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"டீச்சரே வெட்டட்டும் தாயி."

அந்த 'டீச்சர்' நான் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் நானும் டீச்சராகத்தான் இருந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

மாலை 3.10. திரும்பும் பேருந்தில் அதை ஜெசிந்தாவிடம் சொன்னேன், அழாத குறையாக. அவள் சிரித்தாள்.

"எனக்கு மட்டும் ஒடனே காலக் குடுத்துச்சாக்கும்? மூணு வாரம் இப்படித்தான் இழுத்துக்கிச்சு. நான் பாட்டுக்கு உக்காந்து பேசிட்டு வந்தேன். அம்புட்டுதான்."

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரில் நூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு நகவெட்டி வாங்கினேன். அவளுடையதைவிடப் பெரியது.

திருச்சியில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் சரோஜா என்பவர் இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். ஒவ்வொரு ஜெபக்கூட்டத்திலும் அவர் பெயரைச் சொல்லி மன்றாடுகிறோம். பதினெட்டுப் படி. திண்டுக்கல் போய்வந்து ஒரு வாரம் கழித்து, இந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவையாக ஏறினேன், வாளியோடு.

சரோஜா காலைத் தரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமையும் போவேன். ஜெசிந்தாவுக்கு மூன்று வாரம் ஆனது. எனக்கு இரண்டே வாரத்தில் தந்துவிட வேண்டும், ஆண்டவரே.